மனை உறை கோழியும் கானங்கோழியும்

கோழி என்ற சொல்லைத் தனியாக விட்டுவைக்கத் தமிழர்களுக்கு மனம் வருவதில்லை. முன்னால் எதையாவது சேர்த்துக்கொண்டே இருக்கிறோம். நாட்டுக்கோழி, பண்ணைக்கோழி, காட்டுக்கோழி, அடைக்கோழி, விடைக்கோழி, நீர்க்கோழி, கினிக்கோழி, வான்கோழி. இவற்றில் சில, ஒரே பறவையின் வெவ்வேறு பருவங்கள். சில, உறவே இல்லாத வேறு இனங்கள். வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. கொலம்பஸுக்குப் பிறகுதான் அது கடல் கடந்தது. எங்கிருந்து எந்தப் பறவை வந்தாலும் இந்த ஒரு சொல்லின் மேல் ஏற்றிவிடுகிறோம். அப்படியானால் அந்தச் சொல் முதலில் எந்தப் பறவைக்கு உரியதாக இருந்தது? வீட்டில் வளர்வதற்கா, காட்டில் திரிவதற்கா?

பழநி மலையின் கீழ்த்தொடரில் வாழ்பவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. வத்தலக்குண்டிலிருந்து மலையேறித் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் வந்தால் காப்பித் தோட்டங்களும், சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளும், மலைவாழையும் தொடர்ந்து வரும். அவற்றை ஒட்டியே காடு தொடங்குகிறது. எங்கள் வீட்டுக் கோழிகள் காப்பிச் செடிகளின் அடியில் சருகைக் கிளறிப் புழு தேடுகின்றன. வேலிக்கு அப்பால் இன்னொரு கோழி அதே சருகைக் கிளறுகிறது. நிறம் வேறு, குரல் வேறு, ஆனால் காலால் வாரித் தள்ளிவிட்டு ஓரடி பின்வாங்கிக் குனிந்து பார்க்கும் அந்த அசைவு அச்சு அசல் ஒன்றுதான்.

அப்பாலிருப்பது சாம்பல் காட்டுக்கோழி. தென்னிந்தியாவின் மலைகளுக்கும் தீபகற்பத்தின் காடுகளுக்கும் உரிய பறவை. அறிவியல் பெயர் காலஸ் சோனராட்டி. 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பயணம் செய்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சோனராவின் நினைவாக, டச்சு விலங்கியலாளர் டெம்மிங்க் 1813இல் வைத்த பெயர். பெட்டை பழுப்பு நிறத்தில் சருகோடு சருகாக மறைந்துவிடும். சேவலைப் பார்ப்பது ஒரு பேறு. சாம்பல் உடல், கருநீல மினுப்புள்ள வால், கழுத்து நிறையக் கறுத்த இறகுகள். அந்தக் கழுத்து இறகு ஒவ்வொன்றின் நுனியிலும் உருகிய அரக்குச் சொட்டு உறைந்ததைப் போன்ற வெள்ளை, மஞ்சள் பொட்டுகள். இந்தப் பொட்டுகள்தான் அதற்கு வினையாகவும் முடிந்தன. தூண்டில் முள்ளில் பூச்சி வடிவம் கட்டி மீன் பிடிக்கும் ஆங்கிலேயர்கள் இந்த இறகை விரும்பி வாங்கினார்கள். அதற்காகவே ஏராளமான சேவல்கள் கொல்லப்பட்டன. இன்று 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பறவையைக் காக்கிறது. 2013இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதில் இம்மலையின் பெரும்பகுதிக் காட்டுக்குக் கூடுதல் பாதுகாப்பும் கிடைத்தது.

இந்தக் கழுத்துப் பொட்டுகளை நம் கவிஞர் ஒருவர் சங்க காலத்திலேயே பார்த்துவிட்டார் என்பதை அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. குறுந்தொகையின் 242ஆம் பாட்டு, குழற்றத்தனார் பாடியது:

கானங் கோழிக் கவர்குரல் சேவல்
ஒண்பொறி எருத்தில் தண்சிதர் உறைப்பப்
புதல்நீர் வாரும் பூநாறு புறவில்

புதரிலிருந்து வழியும் மழைநீர், காட்டுக்கோழிச் சேவலின் ஒளிரும் புள்ளிகள் கொண்ட கழுத்தில் குளிர்ந்த துளியாக விழுகிறது. பொறி என்றால் புள்ளி, எருத்து என்றால் பிடரி. உலகில் காட்டுக்கோழிகள் நான்கு இனங்கள். இந்தியாவில் வாழ்பவை இரண்டு. வடக்கிலும் கிழக்கிலும் வாழும் செங்காட்டுக்கோழிக்குக் கழுத்து இறகு பொன்னும் சிவப்புமாக ஒழுகும், புள்ளியே கிடையாது. ஆகவே குழற்றத்தனார் பார்த்தது எங்கள் வேலிக்கு அப்பால் மேயும் அதே சாம்பல் கோழியைத்தான். 'கவர்குரல்' என்பதைக் கவர்த்த குரல், கிளைத்துப் பிரியும் குரல் என்று கொண்டால் அதுவும் பொருந்துகிறது. வீட்டுச் சேவலின் கூவல் நீண்டு இழுபடும். இதன் கூவல் வெட்டு வெட்டாகத் தெறித்து நின்றுவிடும். இறகும் குரலும் இரண்டே அடியில் வந்துவிடுகின்றன. பறவை நூல் எழுதுபவர்கள் பொறாமைப்பட வேண்டிய அடிகள்.

வீட்டுக்கோழிக்கும் அதே தொகை நூலில் ஒரு பாட்டு இருக்கிறது. 139ஆம் பாட்டு, ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. 'மனை உறை கோழிக் குறுங்கால் பேடை' என்று தொடங்குகிறது. மாலை நேரம், வேலியோரம் காட்டுப்பூனைகள் வந்துவிட்டன. ஒளிய இடம் தெரியாமல் பெட்டைக்கோழி தன் குஞ்சுகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சேர்க்கிறது. அந்தக் கலவரக் குரலைப் போல ஊர் அலர் பேசுகிறது, இந்த நிலையில் எங்கள் தெருவுக்கு வராதே ஐயா என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். மலையில் கோழி வளர்ப்பவர் எவருக்கும் இந்தப் பாட்டுக்கு உரை தேவையில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தக் குரல் எழுந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவோம். காட்டுப்பூனையாக இருக்கும், மரநாயாக இருக்கும். முட்டையிட்ட பெட்டை கேறுவது வேறு, பருந்தைக் கண்டு எழுப்பும் ஓசை வேறு, இது வேறு. மாசாத்தியார் அந்த மூன்றாவதை அறிந்தவர். வைகறைச் சேவலின் 'குக்கூ' கேட்டுத் துணுக்குற்ற நெஞ்சைப் பாடிய (குறுந்தொகை 157) அள்ளூர் நன்முல்லையாரும் பெண்தான். மனைக்கோழியை இவ்வளவு நெருங்கி நின்று பாடிய இந்த இருவரும் பெண்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்றும் மலைக் கிராமங்களில் கோழி, பெண்களின் சொத்து. முட்டைக் காசு அவர்கள் கைக்காசு.

இந்த இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். கோழி என்பது பொதுப்பெயர். வீட்டில் இருந்தால் மனை உறை கோழி, காட்டில் இருந்தால் கானங்கோழி. இருப்பிடம் அடைமொழியில் இருக்கிறது, பெயரில் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் உழவர் வீட்டு விருந்தில் பாணனுக்குக் கிடைக்கும் கோழிப் பொரியலுக்கும் 'மனைவாழ் அளகின் வாட்டு' என்றுதான் பெயர். அங்கேயும் மனை என்ற அடைமொழி வேண்டியிருந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் வழக்கம் வேறு. வீட்டுப் பறவைகளை மொத்தமாகக் குறிக்கும் 'பவுல்ட்ரி' என்ற சொல், பிரெஞ்சு வழியாக, இளம் உயிரைக் குறித்த லத்தீன் சொல்லான 'புல்லுஸ்' என்பதிலிருந்து பிறந்தது. குஞ்சு என்று தொடங்கி, குஞ்சு விற்கும் இடமாகி, விற்கப்படும் பறவைகளாகி, கடைசியில் ஒரு தொழிலின் பெயராயிற்று. அதற்குச் சரியான இணைச்சொல் தமிழில் இல்லை என்று குறைப்படுபவர்கள் உண்டு. நம் அரசுத்துறையோ கோழியையும் கால்நடைப் பராமரிப்புக்குள் சேர்த்துவிட்டது. எனக்கு அதில் குறை தெரியவில்லை. வீட்டுக்கோழி வானத்தில் பறந்து பிழைப்பதில்லை, காலால் நடந்து மேய்ந்துதான் பிழைக்கிறது.

சரி, 'கோழி'யின் வேர் என்ன? மலையாளத்திலும் கோழி. கன்னடத்திலும் குடகிலும் கோளி. தெலுங்கில் கோடி. துளுவில் கோரி. ழகரம் ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு விதமாகத் திரிந்திருக்கிறது, சொல் ஒன்றுதான். இம்மொழிகள் பிரியும் முன்பே இந்தச் சொல் இருந்தது என்பதற்கு இதுவே போதும். வடமொழியின் 'குக்குடம்' பறவையின் குரலிலிருந்து பிறந்த பெயர். நம் சொல்லில் அந்தக் கூவல் கேட்கவில்லை. முறத்தால் தானியத்தைக் கொழிப்பது என்கிறோமே, அந்தக் 'கொழி'யோடு சேர்த்துப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரும். நிலத்தைக் கொழிப்பது கோழி! பொருள் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலியும் பொருளும் ஒத்துப்போவது மட்டுமே ஒரு சொல்லின் பிறப்புக்குச் சான்றாகிவிடாது. சொல்லாராய்ச்சியில் அழகான விளக்கங்களிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும்.

வேரைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது காலக்கணக்கு. வீட்டுக்கோழி தென்கிழக்காசியாவிலிருந்து வந்த பறவை. 2020இல் வெளிவந்த பெரிய மரபணு ஆய்வு, தாய்லாந்தின் வடபகுதி, மியான்மர், தென்மேற்குச் சீனா ஆகிய இடங்களில் வாழும் செங்காட்டுக்கோழியின் ஒரு துணையினத்தை அதன் மூதாதை என்று காட்டியது. 2022இல் வந்த இன்னோர் ஆய்வு, ஐயமின்றி வீட்டுக்கோழி என்று சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை என்றது. காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது. நெல்லும் தினையும் விளைவிக்கத் தொடங்கிய மனிதரின் வயலோரம், சிந்திய மணி பொறுக்க வந்த காட்டுக்கோழி அப்படியே தங்கிவிட்டது என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். யாரும் பிடித்து வந்து பழக்கவில்லை, அதுவே வந்தது.

அது தெற்கே வந்து சேர்ந்தபோது இங்கே காடுகளில் சாம்பல் கோழி ஏற்கெனவே கூவிக்கொண்டிருந்தது. செங்காட்டுக்கோழியின் எல்லை ஏறத்தாழ கோதாவரிப் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. தெற்கில் வாழ்ந்த மக்கள் தங்கள் காட்டில் அன்றாடம் பார்த்த பறவைக்குப் பெயர் இல்லாமலா இருந்திருப்பார்கள்? புதிதாக வாசலுக்கு வந்த பறவைக்கு, உருவம் ஒத்த காட்டுப் பறவையின் பெயரைக் கொடுத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். பிற்காலத்தில் கப்பலில் வந்ததற்கு வான்கோழி என்று பெயரிட்டவர்களும் இதைத்தானே செய்தார்கள்? வீட்டில் இருப்பது பெருகப் பெருக, பெயர் அதன் பக்கம் சாய்ந்துவிட்டது. சங்கப் புலவர்கள் இருவகைக்கும் அடைமொழி சேர்த்த காலம், அந்தச் சாய்வின் நடுவே இருந்த காலம் என்று நான் நினைக்கிறேன். இன்று அடைமொழி இல்லாமல் கோழி என்றால் காட்டுக்கோழி எவர் நினைவுக்கும் வருவதில்லை.

கானங்கோழிக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். இன்றைய பறவைப் பட்டியல்களில் கானாங்கோழி என்று தேடினால் குளத்தங்கரையில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் வெண்மார்புப் பறவை வந்து நிற்கும். கானத்தின் பெயர் நீர்க்கரைக்குப் போய்விட்டது.

கோழிக்குள் இருக்கும் பெயர்களைத் தொல்காப்பியர் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சேவல் என்பது அவருக்குச் சிறகுள்ள எல்லாப் பறவைகளின் ஆணுக்கும் பொதுப்பெயர், மயில் மட்டும் விலக்கு. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்கள். அளகு என்பது கோழிக்கும் கூகைக்கும் மட்டுமே உரிய பெண்பெயர் என்கிறது அவர் நூலின் மரபியல் என்னும் பகுதி. மூன்றில் அளகு மறைந்துவிட்டது. சேவல் சுருங்கி, கோழியின் ஆணை மட்டுமே பெரும்பாலும் குறிக்கிறது. பிள்ளை மனிதரிடமும் அணிலிடமும் தென்னையிடமும் போய்ச் சேர்ந்து, கோழிக்குக் குஞ்சு மட்டும் மிஞ்சியது.

பழநி என்றாலே முருகன், முருகன் என்றால் சேவற்கொடி. மாமரமாக நின்ற சூரன் வேலால் பிளக்கப்பட்டு மயிலும் சேவலுமாக ஆன கதையைச் சொல்லாத பாட்டி இந்த மலையில் இல்லை. பழைய நூல்கள் அந்தக் கொடிக்கு ஒரே பெயரைச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி. குறுந்தொகையின் கடவுள் வாழ்த்து 'சேவலங் கொடியோன்' என்கிறது. பழநியாகிய ஆவினன்குடியையும் பாடும் திருமுருகாற்றுப்படையோ ஓரிடத்தில் 'கோழி ஓங்கிய வென்றடு விறற்கொடி' என்றும், இன்னோரிடத்தில் 'வாரணக் கொடி' என்றும் சொல்கிறது. வாரணம் யானைக்கும் பெயர், கோழிக்கும் பெயர். சோழர் தலைநகர் உறையூருக்குக் கோழி என்று பெயர் வந்த கதையில், யானையை ஒரு கோழி போரிட்டு விரட்டியது என்பார்கள். சிலப்பதிகாரம் அதை 'முறஞ்செவி வாரணம்', 'புறஞ்சிறை வாரணம்' என்று பாடுகிறது: முறம் போன்ற காது கொண்ட வாரணத்தைச் சிறகுள்ள வாரணம் வென்றது. ஒரு தலைநகரமே கோழியின் பெயரில் இருந்த நாடு இது.

இனி இரத்த உறவு. வீட்டுக்கோழிகள் அனைத்துக்கும் செங்காட்டுக்கோழி ஒன்றே மூதாதை என்பது டார்வின் 1868இல் வந்த முடிவு. சாம்பல் கோழியை அவர் ஆராய்ந்து ஒதுக்கிவிட்டார். 140 ஆண்டுகள் கழித்து, 2008இல், சுவீடனின் உப்சாலா ஆராய்ச்சியாளர்கள் கோழிக்காலின் மஞ்சள் நிறத்தை ஆராய்ந்தார்கள். தீனியில் உள்ள மஞ்சள் நிறமிகளைச் சிதைக்கும் நொதி ஒன்று தோலில் வேலை செய்தால் தோலும் காலும் வெளுத்திருக்கும். அது தோலில் அடங்கியிருந்தால் நிறமி தங்கி மஞ்சளாகும். செங்காட்டுக்கோழியிடம் இருப்பது வெளுப்பைத் தரும் மரபணு. மஞ்சளைத் தரும் மரபணு வந்த வழியைத் தேடியபோது அது சாம்பல் காட்டுக்கோழியிடம் போய் நின்றது. எப்போதோ, எங்கோ, ஒரு காட்டுச் சேவல் வேலி தாண்டி வந்து வீட்டுப் பெட்டையோடு சேர்ந்திருக்கிறது. அந்தக் கலப்பின் அடையாளம் இன்று உலகெங்கும் மஞ்சள் கால் கோழிகளில் நடமாடுகிறது. ஐரோப்பியச் சந்தையில் தொங்கும் மஞ்சள் தோல் கோழியிலும் தென்னிந்தியக் காட்டின் ஒரு துளி இருக்கிறது. எங்கள் வீட்டுக் கோழிகளில் மஞ்சள் கால் கொண்டவற்றை நான் இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன். அவை இந்த வேலிக்கு வந்தேறிகள் மட்டும் அல்ல, பாதி வழியில் ஊர் திரும்பிய உறவுக்காரர்கள்.

வளர்ப்பவர்கள் பேசும் சொற்கள் இன்னும் மலையில் உயிரோடு இருக்கின்றன. முட்டையிடத் தொடங்கும் இளம்பெட்டை விடைக்கோழி. முட்டை நின்று உட்கார்ந்துவிட்டால் அடைக்கோழி. 21 நாளில் குஞ்சு பொரிக்கும், பொரிக்காதது கூமுட்டை. குஞ்சுகளைத் தாயோடு மூடிவைக்கும் மூங்கில் கூடை பஞ்சாரம். நிறத்துக்குச் செவலை, கீரி, மயில். என் அப்பத்தா ஒவ்வொரு கோழிக்கும் அதன் வயதும் நிறமும் குணமும் சேர்த்துப் பெயர் வைத்திருந்தார். 'அடைக்கு உட்கார்ந்த கோழியிடம் அவசரம் காட்டாதே' என்று எங்களை அதட்டுவார்.

அதோடு ஒப்பிட்டால் பண்ணையின் சொற்கள் எவ்வளவு வறண்டவை! லேயர், பிராய்லர். முட்டை போடுவது, கறிக்குப் போவது. பிராய்லர் ஆறு வாரத்துக்குள் எடைபோடப்பட்டுவிடும், விடையாகவோ அடையாகவோ ஆக அதற்கு நேரமே இல்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 12 கோடிக்கு மேல் கோழியினப் பறவைகள் இருந்தன, நாட்டிலேயே முதலிடம். அந்தக் கோடிகளில் பெரும்பான்மைக்கு இந்தப் பழைய சொற்களில் ஒன்றுகூடப் பொருந்தாது. நாமக்கல் முட்டை ஏழைப் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டுக்கு வருகிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஓர் உயிரின் வாழ்க்கையில் பருவங்களே இல்லாமல் போனால் அந்தப் பருவங்களின் பெயர்களும் போய்விடும் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வேலியின் இருபுறமும் உறவுகள் என்று ஆனபின் வேறொரு கவலையும் வருகிறது. எங்கள் வீட்டுக் கோழிகளைக் கூட்டமாகச் சாய்ப்பது வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்று மருத்துவர்கள் சொல்லும் நோய். அந்தப் பெயரும் ஒரு மலையூரின் பெயர்தான், குமாவூன் மலையில் இருக்கிறது. இந்த வைரஸ் வீட்டுக்கோழியோடு நிற்பதில்லை, கோழியினத்தைச் சேர்ந்த பிற பறவைகளையும் தாக்கும். ஒரே சருகை இரண்டு பறவைகளும் கிளறும் இடத்தில் நம் கோழியின் எச்சம் காட்டுக்குப் போகிறது. செத்த கோழியைக் காட்டோரம் வீசிவிட்டு வரும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். கால்நடைத் துறை பிப்ரவரி மாதங்களில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை இலவசமாக நடத்துகிறது. பஞ்சாரத்தோடு தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று பக்கத்துத் தோட்டத்து அக்காமார்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பலர் வருகிறார்கள். பத்துக் கோழிக்கு எதற்குத் தம்பி ஊசி என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பத்துக் கோழிகளுக்குப் பக்கத்தில்தான் குழற்றத்தனாரின் கானங்கோழி மேய்கிறது என்று அவர்களுக்குச் சொல்கிறேன், முகாம் நடக்கும் நாளையும் இடத்தையும் மறக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.